அப்பாவின் பெட்டியில் ஒரு பங்குப் பத்திரம்

அப்பாவின் இரும்புப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓரம் மடிந்து பழுப்பேறிய பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தது: நூறு பங்குகள், ஒவ்வொன்றின் முகமதிப்பு (பத்திரத்தில் அச்சிட்ட மதிப்பு) 10 ரூபாய், கீழே தட்டச்சில் அப்பாவின் பெயர்.

"தாத்தா அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தாராப்பா?" என்று மகள் கேட்டாள்.

கடன் அல்ல, நிறுவனத்தில் சிறு உரிமை. லாபத்தில் ஒரு பகுதியை ஈவுத்தொகையாக அறிவித்தால் அதில் பங்குண்டு. நிறுவனம் நொடித்தால் போட்ட பணமும் போகும். அப்பங்கைச் சந்தையில் இன்னொருவர் வாங்கினால், பணம் நிறுவனத்துக்கு அல்ல, விற்றவருக்கே சேரும்.

2019 ஏப்ரல் முதல், பட்டியலிடப்பட்ட நிறுவனப் பங்குகளை விற்க, அவற்றை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும். ஈவுத்தொகையைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் யாரும் கோராவிட்டால், அந்தப் பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்றாலும், வாரிசுகள் உரிய சான்றுகளுடன் விண்ணப்பித்து மீட்கலாம்.

நிறுவனப் பதிவேட்டில் அப்பாவின் பங்குகளைக் காட்டும் ஃபோலியோ எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.