கிளிக்கு இஸ்திரி

டல்லாஸில் இருக்கும் என் நாத்தனார் ஒவ்வொரு தடவை வரும்போதும், பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தை டிஷ்யூவால் நிரப்பிக்கொண்டு வருவாள். சாதாரண வெள்ளை டிஷ்யூ இல்லை. ரோஜாக்கொத்து, திராட்சைக் குலை, பஞ்சவர்ணக் கிளி என்று கலர் கலராகப் படம் போட்டது. விருந்துக்கு வந்தவர்கள் வாயைத் துடைத்துக் குப்பையில் போடுவதற்கு அந்த ஊரில் இதை அச்சடித்து விற்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் அது நடக்குமா? "கிளி எவ்வளவு லட்சணமா இருக்கு, இதுலயா ரசஞ்சாதம் சாப்ட்ட வாயைத் துடைக்கறது?" என்று என் மாமியார் அத்தனையையும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பாச்சா உருண்டையோடு வைத்துப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் யாராவது ஆசைப்பட்டு எடுத்திருந்தாலும் வாய்க்கிட்டே கொண்டுபோயிருக்க முடியாது.

நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் பெண் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கெட்டியான வெள்ளைத் தாளின் மேல், மிச்சம் மீதிச் சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடுகிற கிளிங் ஃபிலிமை விரிக்க வேண்டும். அதன் மேல் படம் போட்ட டிஷ்யூ. அதற்கும் மேல் பட்டர் பேப்பர். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் உருகிப் பசையாகி, டிஷ்யூ தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கிற டிசைன் பேப்பர் தயார். பிரஷ் வேண்டாம், காயவைக்க வேண்டாம். வீடியோவில் அந்த அம்மாள் கண்மூடித் திறப்பதற்குள் செய்து முடித்து, பூவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். அவள் வீட்டில் கூட்டுக் குடும்பம் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"பேசாம கோந்து தடவி ஒட்டிட்டுப் போறது" என்றார் மாமியார். தடவிப் பார்த்தோம். ஈரம் பட்டதும் டிஷ்யூ தொய்ந்து, சுருங்கி, இழுத்த இடத்தில் கிழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இஸ்திரிக்கு அவர் சம்மதம் கிடைத்தது. கிடைத்த கையோடு உத்தரவும் வந்தது: இந்த வருஷம் வருகிற அத்தனை பேருக்கும் தாம்பூலக் கவர் இந்தப் பேப்பரில்தான்.

டிஷ்யூ என்பது ஒரு தாள் இல்லை. இரண்டு அடுக்கோ மூன்று அடுக்கோ இருக்கும், அச்சு மேல் அடுக்கில் மட்டும்தான். அடியில் இருக்கும் வெள்ளையை உரித்துப் போடாவிட்டால் பிளாஸ்டிக் அந்த வெள்ளையைப் பிடித்துக்கொள்ளும், கிளி மேலே தனியாகப் பறக்கும். ஓரத்தில் புள்ளி புள்ளியாக அழுத்தி அடுக்குகளைச் சேர்த்திருப்பார்கள். ஒரு மூலையை விரல் நுனியில் நெருடி நெருடிப் பிரித்து, மேல் அடுக்கை மெதுவாக உரிக்க வேண்டும். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி வருகிறது. அந்தப் பக்கம் யாராவது மூச்சு விட்டால் இந்தப் பக்கம் கிளி சிறகடிக்கிறது.

அதனால் ஃபேனை நிறுத்தினோம்.

புரட்டாசி மாதம், மத்தியானம், மாம்பலத்தில் மூன்றாவது மாடி, ஃபேன் இல்லை. நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, தும்மக்கூடத் தைரியம் இல்லாமல் உரித்துக்கொண்டிருந்தோம். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நுணுக்கமான வேலை என்றால் முன்னால் வந்து நிற்பார். ஒரு கிளியை முழுசாக உரித்து முடிக்கிற நேரம், அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை சேர்ந்தது. பெரிதானது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கும் வாய் வருவதற்குள், நேராகக் கிளியின் கண்ணில் விழுந்தது. கண் இருந்த இடத்தில் ஓட்டை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிளியைத் தனியாக எடுத்து வைத்தார், மாமனாரை பால்கனிக்கு அனுப்பி வைத்தார். உரித்துப்போட்ட வெள்ளை அடுக்குகளையும் விடவில்லை. அடுக்கி வைத்து, வடை எண்ணெய் ஒற்ற உதவும் என்றார்.

அடுத்தது அடியில் வைக்கிற தாள். காசு கொடுத்து எதற்கு வாங்குவது, பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு பெட்டி நிறைய இருக்கிறதே என்றார் மாமியார். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது. அவசரத்தில் சிலதை முன்பக்கம் மேலே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. யார் வைத்தது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. டிஷ்யூவின் வெள்ளைப் பகுதி, பிளாஸ்டிக் உருகி உள்ளே இறங்கினதும் வெள்ளையாக இருக்காது, கண்ணாடியாகிவிடும். அடியில் இருப்பது பளிச்சென்று மேலே தெரியும். சூடு ஆறி பட்டர் பேப்பரை உரித்துப் பார்த்தால், கிளியின் வயிற்றில் "நிகழும் மங்களகரமான" என்று தங்க எழுத்தில் ஓடுகிறது. வாலுக்குக் கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்". என் பெண் சிரித்துத் தரையில் உருண்டாள். ரோஜாப்படம் இன்னும் மோசம், ஒவ்வொரு இதழிலும் ஒரு சித்தப்பா பெயர்.

வெள்ளைத் தாள்தான் வேண்டும் என்று முடிவானதும் பால்கனியில் இருந்தவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. சென்னையில் தாள் என்றால் ஆண்டர்சன் தெருதான். மாம்பலத்தில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்புறம் சந்துக்குள் போனால், தெரு முழுக்கத் தாள் கடையும் பத்திரிகைக் கடையும்தான். மாமனார் போய் 150 ஜி.எஸ்.எம். போர்டு வாங்கிவந்தார். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அந்த ஜி.எஸ்.எம். இதைவிடக் கெட்டியாக வாங்கினால் கவராக மடிக்கும்போது மடிப்பில் வெடிக்கும், இதைவிட மெல்லிசாக வாங்கினால் சூட்டில் சுருளும் என்று கடைக்காரர் சொன்னாராம். சரி, நல்ல யோசனை. ஆனால் எதற்கு ஒரு முழு ரீம்? "சில்லறையா வாங்கினா கட்டுப்படியாகாது" என்றார் மாமனார். 500 தாள். நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிற டிஷ்யூவை எல்லாம் கொண்டுவந்தாலும் போர்டு மிஞ்சும்.

கிளிங் ஃபிலிமும் டல்லாஸிலிருந்து வந்ததுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததே, அதில் சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளும் உண்டு என்று மாமனார் ஞாபகப்படுத்தினார். தடைக்கு முன்னாலேயே வந்து பீரோவில் தூங்கிய ரோல் என்பதால் அதற்கு விலக்கு அளித்தார். ஆனால் பெட்டியில் இருக்கும் பொடி எழுத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, "பாலிஎதிலீன்" என்று உறுதி செய்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தொட விட்டார். இதில் அவர் சொன்னது நியாயம். கிளிங் ஃபிலிமில் பி.வி.சி. என்கிற வேறு பிளாஸ்டிக்கில் செய்ததும் உண்டு, அதைச் சூடு பண்ணினால் மூக்கையும் தொண்டையையும் எரிக்கிற அமிலப் புகை வரும். பாலிஎதிலீன் என்றாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்தால் காற்று, காற்று வந்தால் கிளி. சரி விடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று இருக்கிறதல்லவா, அவை சுமாராக 110, 150, 200 டிகிரி செல்சியஸ். இந்த ஃபிலிம் உருகுவது 110 டிகிரியை ஒட்டி. ஒரு புள்ளியில் வைத்தால் ஓரம் ஒட்டும், நடு ஒட்டாது. மூன்று புள்ளியில் ஃபிலிம் சுருண்டு டிஷ்யூவையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இரண்டு புள்ளி, ஆவி சுத்தமாக ஆஃப், நடுவிலிருந்து ஓரத்துக்கு. இதெல்லாம் சரியாகவே வந்தது. வராதது பட்டர் பேப்பர். டிஷ்யூவைவிட நாலு விரற்கடை பெரிதாக வெட்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தாள். "இத்தனை பெரிசா? வேஸ்ட்" என்று மாமியார் கிளியின் அளவுக்கே கச்சிதமாக வெட்டிக்கொடுத்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஃபிலிம் ஓரம் சத்தமில்லாமல் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர், இந்த ஆராய்ச்சி எதிலும் கலந்துகொள்ளாதவர், வழக்கம்போல ஆபீஸ் சட்டையைத் தேய்த்தார். வெளிர்நீலச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே நத்தை போன தடம் போல ஒரு பளபளப்பு, அதன் முடிவில் பச்சையாக ஒரு சிறகு. தண்ணீர் போட்டுத் தேய்த்தார், சிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. "யாரு வீட்ல கிளி வளக்கறது?" என்று கத்தினார். மாமியார் உள்ளிருந்து, "சத்தம் போடாதடா, காத்துல பறந்துடும்" என்றார்.

சட்டையோடு கீழே போனார். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேஸ் பெட்டிக்கு மாறியாகிவிட்டது, இவர் மட்டும் இன்னும் கரிப்பெட்டிதான். சட்டையைப் பிரித்துப் பார்த்து, "இன்னா சார், கிளி வந்து உக்காந்துக்குது?" என்றார். அப்புறம் மளிகைக்கடைப் பழுப்புத் தாளைக் கறையின் மேலும் அடியிலும் வைத்து, பெட்டியை மெதுவாக அழுத்தி, எடுத்து, தாளை நகர்த்தி, மறுபடி அழுத்தினார். பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளுக்குப் போனது. பச்சை போகவில்லை. பாக்கெட்டில் பேனா செருகினால் தெரியாது என்று ஆறுதல் சொன்னார். எங்கள் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லி, ஒரு தாளில் கல் உப்பைப் பொடித்துத் தூவி, சூடான பெட்டியை அதன் மேல் நாலு ஓட்டு ஓட்டினார். அடிப்பாகம் பளிச்சென்று ஆனது.

அதைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு ஒரு எண்ணம். மிச்சக் கிளிகள், ஃபிலிம், போர்டு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, மேலே ஈரத்துணி மூடி (காற்றுக்குத்தான்), என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இஸ்திரிக்காரர் வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து கரியைக் கிளறி, சாம்பலை ஊதிவிட்டு, பெட்டியைக் கன்னத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். "இது பருத்திச் சூடு. உன் கிளி தாங்காது, பாலியஸ்டர் சூடு வரட்டும்" என்று ஓரமாக வைத்தார். ஒரு புள்ளியும் இல்லை, டிகிரியும் இல்லை. பட்டர் பேப்பரைப் பார்த்து, "இம்மாத்தூண்டு வெட்னது யாரு?" என்றார். மாமியார் புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பெரிய தாளாகப் போட்டு, பெட்டியை இழுக்காமல் அப்படியே வைத்தார். எடுத்தார். பக்கத்தில் வைத்தார். எடுத்தார். அவ்வளவுதான். நாங்கள் துணிக்கு இழுப்பது போல இழுத்ததால்தான் எங்கள் கிளிகளுக்கெல்லாம் கழுத்தில் சுருக்கம் விழுந்தது என்பது அப்போது புரிந்தது. அந்தப் பெட்டியின் கனமே அழுத்திவிடுகிறது. அடியில் ஆவி வருகிற ஓட்டையும் இல்லாததால் வட்ட வட்டமாக ஒட்டாத இடமும் இல்லை. ஆறின பிறகு உரித்தால், ஒரு சுருக்கம் இல்லாத கிளி, அலகு முனை வரைக்கும். ஈரம் பட்டாலும் தாங்கணும் என்று மேலே இன்னொரு ஃபிலிம் போட்டு ஒன்று செய்து காட்டினார். அது லேமினேஷன் போட்டது மாதிரி மின்னியது. எல்லாவற்றுக்கும் அப்படியே போடச் சொல்லிவிட்டார் மாமியார்.

கொலு நன்றாக நடந்தது. தாம்பூலம் வாங்கிக்கொண்ட மாமிகளில் பாதிப் பேர் வெற்றிலையையும் மஞ்சளையும் கைப்பையில் கொட்டிக்கொண்டு, கவரை மட்டும் மடங்காமல் பிடித்துப் போனார்கள். எங்கே எந்தப் பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் போன கிளிக் கவர் மாமனாரின் பென்ஷன் பேப்பருக்கு ஆனது.

மாசக்கடைசியில் இஸ்திரிக்காரர் நோட்டைக் கொண்டுவந்தார். சட்டை, பேன்ட், புடவை என்று வரிசையாக எழுதி, அதற்குக் கீழே "கிளி" என்று தனி வரி. கிளிக்குப் போட்டிருந்தது புடவை ரேட்.

"என்னப்பா அநியாயம், ஒரு கர்ச்சீப் அளவுகூட இல்ல, அதுக்குப் புடவை ரேட்டா?"

"புடவைய கண்ண மூடிக்கினு தேய்ப்பேம்மா. இதுக்கு மூச்சு அடக்கிக்கினு நிக்கணும்."

பேரம் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசியில் கிளிக்குச் சட்டை ரேட், மிச்சத்துக்கு ரீமிலிருந்து நூறு தாள் என்று முடிந்தது. அவர் பேத்திக்கு ஸ்கூலில் படம் வரையத் தாள் வேண்டுமாம். "இருநூறா எடுத்துக்கோ" என்று உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.