பங்குனியில் ஒரு நாவலோடு கல்லிடைக்குறிச்சி

நாவல் பாதியில் நின்றுவிட்டால் எழுதுகிறவர்கள் மலைக்குப் போவார்கள். கொடைக்கானலில் ஒரு அறை, ஜன்னலுக்கு வெளியே பனி, ஃபிளாஸ்க் நிறைய காபி. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். தூக்கம் நன்றாக வரும். இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிக்குக் கிளம்பினேன். "அக்னி நட்சத்திரம் வரப்போகுது, இப்ப போய் அங்கேயா?" என்று கேட்காத நண்பர் பாக்கியில்லை.

காரணம் நாவல்தான். மூன்று தலைமுறைக்கு முன்னால் பம்பாய்க்குப் போய்விட்ட ஒரு குடும்பம், பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி இந்தப் பக்கம் வருகிறது. இதை எழுத ஏ.சி. அறையும் பனியும் எதற்கு? திருநெல்வேலியில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் பொதிகை மலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. பிசானம் என்கிற நெல் பருவத்து அறுவடை முடிந்து வயல்களெல்லாம் வெறும் அறுத்த தாளாகக் கிடந்தன. ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அடுத்ததில் வாத்துகள் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. எதிர் சீட்டுக்காரர் தானாகவே பேச ஆரம்பித்தார். இந்த வட்டாரத்தில் எல்லோரும் விரும்பிப் போட்ட அம்பை 16 நெல் ரகம், பக்கத்து அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986-இல் வெளியானது. அதைப் பற்றி அவர் பேசிய விதம், ஊரில் படித்து முன்னுக்கு வந்த பையனைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது. நோட்டை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

தங்கியது ஒரு பழைய வீட்டு மாடியில். கீழே அப்பளம் போடுகிறார்கள். வாடகை பேசும்போதே ஆச்சி சொல்லிவிட்டார்: "மாடித் தளத்துல காலையில துணி காயப்போடாதீங்க தம்பி, அது எங்களுக்கு வேணும்." விடிவதற்கு முன்பே கீழே மாவு இடிக்கிற சத்தம் ஆரம்பித்துவிடும். உளுந்து மாவில் உப்பு, பெருங்காயம், பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு இடிப்பார்கள். மாவு இழுத்தால் அறுபடாமல் நீளுகிற பதத்துக்கு வந்ததும் பாம்பு போல உருட்டி, விரலில் சுற்றிய நூலால் சட்சட்டென்று அறுக்கிறார்கள். கத்தி எடுப்பதில்லை. ஒவ்வொரு உருண்டையும் ஒரே அளவு. இட்ட அப்பளத்துக்கு வெயில் வேண்டும், ஆனால் கொஞ்சமாகத்தான். "ஏறு வெயிலு பட்டா ஓரம் சுருண்டுரும், அப்புறம் அடுக்க முடியாது" என்றார் ஆச்சி. அதனால் எட்டு மணிக்குள் தளத்தில் பரப்பி, சூடு ஏறுவதற்குள் அள்ளி நிழலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

என் நேரமும் அந்த நேரமாகவே ஆகிவிட்டது. நாலரைக்கு உலக்கைச் சத்தத்தில் எழுந்தால் ஒன்பது வரை எழுத்து. அதற்கு மேல் பேனா பிடித்த கையிலிருந்து வியர்வை காகிதத்தில் இறங்கும். மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்; நானும் சாத்திக்கொள்வேன். எழுத்தாளனுக்குத் தனிமை வேண்டும் என்று சொல்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நான்கு பேர் வேலை செய்கிற சத்தம் கேட்டால், நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சம் நல்லது.

பங்குனி உத்திரத்தன்று டீக்கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெளியூர்ப் பதிவு எண். இறங்கிய பெரியவர் சாஸ்தா கோயிலுக்கு வழி கேட்டார். "எந்த சாஸ்தா?" என்றார் டீ மாஸ்டர். பெரியவருக்குப் பெயர் தெரியவில்லை. "பக்கத்துல ஒரு குளமும் பெரிய மரமும் இருக்கும்னு அப்பா சொல்லுவாரு."

"குளமும் மரமும் இல்லாத சாஸ்தா எங்கய்யா இருக்காரு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தாலும், உடனே எல்லோருமாகச் சேர்ந்து விசாரணையில் இறங்கினார்கள். தாத்தா பெயர் என்ன, எந்தத் தெரு, பொண்ணு எடுத்த ஊர் எது. இந்த மாவட்டத்தில் உத்திரத்தன்று நடப்பதெல்லாம் இதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா; வயல் நடுவிலோ குளத்தங்கரையிலோ இருப்பார். மற்ற நாட்களில் ஆளில்லாத இடத்தில் அன்றைக்குப் பொங்கல் புகை. கடைசியில் டீ மாஸ்டர், "காரையாறு போயி சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுருங்க. எல்லா சாஸ்தாவுக்கும் அவருதான் மூத்தவரு" என்று தீர்ப்பு சொல்ல, வேன் பாபநாசம் பக்கம் திரும்பியது.

என் திட்டப்படி நாவல் குடும்பம் சாஸ்தாவைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்காக ஒரு கிழவரையும் ஒரு செப்புப் பட்டயத்தையும் தயாராக வைத்திருந்தேன். அன்று இரவு இருவரையும் வெளியே அனுப்பிவிட்டேன். கிழவர் போனதில் கொஞ்சம் வருத்தம்தான், நன்றாகப் பேசுவார்.

இதே ஊரில் இன்னொரு திரும்பி வந்த கதையும் உண்டு. குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருடுபோனார். கடைசியில் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து 2019-இல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஊரே கூடி வரவேற்றதை இன்றைக்கும் விவரமாகச் சொல்கிறார்கள். நாவலுக்குள் இழுக்கச் சொல்லிக் கை அரித்தது. வேண்டாம் என்று விட்டேன். பம்பாய்க் குடும்பத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினால் எல்லாக் கவனமும் அவர் மேல்தான் போகும்.

சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் ஆற்றில் இறங்க இடமில்லை, குளித்தேன், வந்தேன். அதைவிடத் திருப்புடைமருதூரைச் சொல்ல வேண்டும். கடனா நதி தாமிரபரணியில் சேருகிற இடம். மருத மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகளின் இரைச்சலில் கோயில் மணியே கேட்கவில்லை. பறவைகளுக்காகவே 2005-இல் அந்த இடத்தைக் காப்பகமாக அறிவித்தார்கள், பரப்பு 3 ஹெக்டேர் கூட வராது. கோயிலுக்குள்ளே நாறும்பூநாதர் லிங்கம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம், கடக்க முடியாத கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டாராம்; சரியாகக் கேட்பதற்காகச் சாமி தலையைச் சாய்த்தாராம். கோபுரத்தின் உள் நிலைகளில் மரச்சிற்பங்களும் நாயக்கர் கால ஓவியங்களும் நிறைந்திருக்கின்றன. கழுத்து வலிக்கப் பார்த்தேன். அடுத்த நாள் எழுதிய அத்தியாயத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூருக்கு ஆட்டோ கிடைக்கும். காலையிலேயே போங்கள், கோபுரம் ஏற முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், அப்புறம் புளித்துவிடும். நாவல் வைகாசியில் முடியும் என்று பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனி என்று அவரே திருத்திக்கொண்டார்.