நர்ஸின் அக்கறையும் அதற்கான நேரமும்

நர்ஸ் என்றால் ஊசி போடுபவர், மாத்திரை கொடுப்பவர் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். நர்ஸ்கள் காட்டும் அக்கறையை ஏதோ பிறவிக் குணம் மாதிரி பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால் அக்கறைதான் அந்த வேலையே. அமெரிக்கச் செவிலியக் கோட்பாட்டாளர் ஜீன் வாட்சன் 1979-லேயே இதைச் செவிலியப் பணியின் மையமாக வைத்து எழுதினார்.

படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பதையே பாருங்கள். கை புரட்டும்போது கண் சும்மா இருக்காது. முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று ஏன் குழறுகிறார்? விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளிறவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. மானிட்டரில் எதுவும் மாறாதபோதே "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று நர்ஸுக்குத் தோன்றுவதும் உண்டு. பல மருத்துவமனைகளில் அவசரக் குழுவை அழைக்க அந்தக் கவலை மட்டுமே போதும் என்று விதிமுறையே இருக்கிறது. ஆளைத் தெரிந்து கவனிப்பவருக்குத்தான் அது தோன்றும்.

சரி, இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? அமெரிக்காவில் செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. இது தெரிந்தும் ஆள் போடாமல், "சிரித்த முகத்தோடு பேசுங்கள்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்புவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வார்டில் ஆள் போதவில்லை என்று நர்ஸ்கள் சொல்லும்போது, நோயாளிகளின் குடும்பத்தாரும் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும்.