படலத்தைத் தாண்டுவது

புதுச்சேரியில் ஒரு பேத்தாலஜி லேபில் நான் டெக்னீஷியன். பார்மலினில் ஊறி வரும் சதைத்துண்டை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. இருந்தாலும் அவர் பார்த்து முடித்த ஸ்லைடை எட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து, புகையிலை அடக்கிப் பழகியவர்களின் வாய்ப்புற்றுத் துண்டுகள் நிறைய வரும்.

கன்னத்தின் உட்புறத்தில், மேலடுக்குச் செல்களுக்கு அடியில் ஒரு மெல்லிய படலம் உண்டு. நான்காம் வகைக் கொலாஜன் பின்னிய வலை அது. வழக்கமான சாயத்தில் சரியாகத் தெரியாது. பிஏஎஸ் சாயம் போட்டால் மெஜந்தா கோடாக நிற்கும். கெட்ட செல்கள் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கும்வரை ஒரு கதை, தாண்டிவிட்டால் வேறு கதை. ஆபரேஷன் துண்டு வந்தால், கட்டி அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் அளப்பார். 5 மில்லிமீட்டருக்குள்ளா, 10-ஐத் தாண்டியதா என்பதும் கட்டியின் அளவும் சேர்ந்து நோயின் நிலையை முடிவு செய்யும்.

கட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். தள்ளுவதோடு நிற்பதில்லை, கரைத்துக்கொண்டும் போகிறது. செல் சிறு கால்களை நீட்டி, அவற்றின் நுனியில் எம்எம்பி என்ற நொதிகளைக் கொண்டு படலத்தை அரிக்கிறது. எனக்கு உறுத்துவது அடுத்த விஷயம்: இந்த நொதிகள் எல்லாவற்றையும் புற்றுசெல்லே சுரப்பதில்லை. பக்கத்திலிருக்கும் நல்ல நார்ச்செல்களையும், காவலுக்கு வந்த வெள்ளணுக்களையும்கூடத் தூண்டிச் சுரக்க வைக்கிறது. வீட்டு வேலையாளை வைத்தே பூட்டைத் திறக்கும் திருடன் மாதிரி.

நொதியைக் குறை சொல்லிப் பயனில்லை. 1962-ல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும் இந்த வகை நொதியைக் கண்டது, தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் கரைகிற வாலில். நம் புண் ஆறவும் அது வேண்டும். 1990-களில் இந்த நொதிகளை முடக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டுவலிதான் வந்தது, எதிர்பார்த்த பலன் இல்லை. நோய் முற்றி, படலம் எப்போதோ உடைந்தவர்களிடம் சோதித்ததும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "சதை எடுத்ததாலதான் பரவிடுச்சா சார்?"

நோயைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. இதற்கு மட்டும் சொல்லிவிடுவேன். "இல்லீங்கம்மா, முதல்ல எடுத்த துண்டுலயே அது கீழ இறங்கியிருக்கு. நாங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே."

சிலர் நம்புவதில்லை. பயாப்சிக்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தவர்களின் ஆபரேஷன் துண்டுகளில்தான் ஆழம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறது.