அப்பாவின் கல்லீரல் ஸ்லைடுகளும் இரண்டாம் கருத்தும்

வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில்தான் அப்பாவின் கல்லீரலில் மூன்று சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில். இங்கே நம் ஆட்களிடம் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் அதிகம். அப்பாவுக்கு இரண்டும் உண்டு. குடிப் பழக்கம் இல்லை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை.

கல்லீரல் தழும்பேறிப்போகும் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்திலேயே கல்லீரல் புற்றுநோயை உறுதி செய்துவிட முடியுமாம். மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள பகுதியைவிட மங்க வேண்டும். அப்பாவுக்கு சிரோசிஸ் இல்லாததால் அந்த விதி செல்லாது, பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தே ஆக வேண்டும் என்றார்கள். கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை சரியாகவே வந்தது. ஆனால் புற்றுநோய் இருந்தும் பலருக்கு அது ஏறாது என்று டாக்டர் சொன்னபோது எங்கள் நிம்மதி போய்விட்டது.

பயாப்ஸி பயந்த அளவுக்கு இல்லை. கட்டியில் ஒரு துண்டு, கட்டிக்கு வெளியே இன்னொரு துண்டு எடுத்தார்கள். ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் வலப்பக்கமாகப் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

முதல் அறிக்கை எங்களைத் தவிக்கவிட்டது. கட்டி கல்லீரல் செல்களில் உருவானதுதான். ஆனால் அது அடினோமா என்ற சாதுவான கட்டியா, நல்ல செல்களைப் போலவே தோன்றும் புற்றுநோயா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் எங்களை வேறொரு பத்தாலஜிஸ்டிடம் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) அனுப்பினார். அவர் ஸ்லைடுகளை ஸ்கேனரில் ஏற்றி, ஒரு பிக்சலுக்குக் கால் மைக்ரான் என்ற நுணுக்கத்தில் படமெடுத்து, மென்பொருளால் அளப்பவர்.

எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தே விளக்கினார். வெள்ளிச் சாயம் ஏற்றிய ஸ்லைடில், செல்களைத் தாங்கி நிற்கும் ரெட்டிகுலின் நார்கள் கருத்த வலை போல ஓடின. நல்ல கல்லீரலில் அந்த வலைக்குள் செல்கள் ஒன்றிரண்டு வரிசையாக இருக்கும். புற்றுநோயில் நார் குறைந்து, மூன்றுக்கும் மேற்பட்ட அடுக்காகத் தடித்துவிடும். நார் குறைந்த இடங்களையெல்லாம் மென்பொருள் சிவப்பாக்கிக் காட்டியது. கட்டித் துண்டில் நிறையச் சிவப்பு. ஆனால் வெளித் துண்டிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு! கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் ஒரு சிவப்புத் திட்டைப் பெரிதாக்கினார். உள்ளே வட்ட வட்டமாக வெள்ளைத் துளிகள், எல்லாம் கொழுப்பு. கொழுப்புள்ள இடத்தில் புற்றுநோய் இல்லாமலேயே ரெட்டிகுலின் குறைந்து தெரியுமாம். இரண்டு துண்டுகளிலும் கொழுப்புப் பகுதிகளைக் கையால் வரைந்து விலக்கிவிட்டு மறுபடி அளந்தார். வெளித் துண்டில் சிவப்பு ஏறக்குறைய மறைந்தது, கட்டியில் அப்படியே நின்றது. செல் கருக்களும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

“இனி கணினி சொல்வதையே எழுதிவிடலாமே, டாக்டர்?” என்று அண்ணன் கேட்டார். அதற்கு அவர், 2020-ல் வெளிவந்த ஒரு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைச் சொன்னார். இரண்டு வகைக் கல்லீரல் புற்றுநோய்களைப் பிரித்தறிய 11 பத்தாலஜிஸ்டுகளுக்குக் கணினியைத் துணைக்குக் கொடுத்தார்களாம். அது சரியாகச் சொன்னபோது அவர்களின் கணிப்பு மேம்பட்டது. தப்பாகச் சொன்னபோது அவர்களையும் தப்புக்கு இழுத்தது. அதனால்தான் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் அதிகம் தென்படும் கிளிப்பிகன்-3, ஹெச்.எஸ்.பி. 70 என்ற புரதங்களுக்கான இரண்டு சாயப் பரிசோதனைகளையும் செய்தார். இரண்டும் பாசிட்டிவ். அப்புறம்தான் புற்றுநோய் என்று கையெழுத்திட்டார்.

இரண்டாம் கருத்துக்குப் போகிறவர்கள் ஸ்லைடோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். புதிய சாயம் ஏற்ற அதிலிருந்துதான் சீவ வேண்டும். கட்டிக்கு வெளியேயும் திசு எடுப்பார்களா என்று பயாப்ஸிக்கு முன்பே கேளுங்கள். அந்தத் துண்டு இல்லையென்றால் அப்பாவின் கட்டியை எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டின் முன் அனுமதி விவரத்தையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

கட்டியிருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்பா தேறிவருகிறார். ஏ.எஃப்.பி. ஆரம்பத்திலேயே ஏறாததால் அதை மட்டும் நம்ப முடியாது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.