வீட்டில் ஓர் ஆவாரை வையுங்கள்

கோடை வந்தாலே செடியெல்லாம் கருகிவிடுகிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆவாரைதான். நம் வறண்ட காட்டுச் செடி. நன்றாக வேர் பிடித்துவிட்டால் மழைத் தண்ணீரே பெரும்பாலும் போதும். வெயில் மட்டும் நிறைய வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது.

விதைத்தோல் ரொம்பக் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, நேராகத் தரையிலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம்.

அப்புறம் அந்தப் பூ! அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவை இறுகப் பிடித்து, உடம்பை 'ர்ர்ர்' என்று அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இலையில் பச்சைப் புழு தெரிந்தால் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழுதான். கொஞ்சம் இலை போனாலும் செடி மறுபடி துளிர்த்துவிடும்.