குறிப்பைத் திறக்காத நாட்கள்

மார்ச் 4
ஜியோகேஷிங், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (கேஷ்) இணையத்தில் போட்ட ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடி, கையெழுத்துப் போட்டுத் திரும்ப வைக்கும் விளையாட்டு. இன்றும் கிடைக்கவில்லை. டிஎன்எஃப், 'கண்டுபிடிக்கவில்லை' என்ற பதிவு, போட்டேன். மூன்றாவது.

மார்ச் 5
ஐந்துக்குக் கடினம் 2.5, நிலப்பரப்பு 1.5 என்றுதான் போட்டிருக்கிறது. மரம் ஏறவோ பள்ளத்தில் இறங்கவோ வேண்டியதில்லை. ஆனால் ஜிபிஎஸ் தூரம் பூஜ்யம் என்று காட்டும் இடத்திலேயே கேஷ் இருக்கும் என்று இல்லை, மூன்று நான்கு மீட்டர் தள்ளியும் இருக்கலாம், மரத்தடியில் இன்னும் மோசம், அப்புறம் ஒளித்து வைத்தவரின் கருவியும் அதே மாதிரி பிசகியிருக்கும். நாளைக்குப் பெஞ்சைத் தாண்டியும் தேட வேண்டும்.

மார்ச் 6
"குறிப்பைப் பாரேன்டா, அதற்குத்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றாள் அக்கா. தப்பே இல்லை. வண்டியை விட்டு இறங்குமுன்பே குறிப்பைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே கண்டுபிடித்தவருக்கு ஃபோன் போடுபவர்களும் உண்டு. எல்லோரும் டப்பாவுக்குள் இருக்கும் அதே லாக் புக்கில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ரிசல்ட்டை முன்கூட்டியே கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 7
தூக்கமில்லை. உதவியே வேண்டாம் என்றால் செயற்கைக்கோளும் உதவிதானே? 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். மே 3 அன்றே டேவ் உல்மர் ஆரிகனில் ஒரு வாளியை ஒளித்துவைத்து இடத்தின் எண்களை இணையத்தில் போட்டுவிட்டார். முதல் கேஷையே எண்களை வைத்துத்தான் தேடினார்கள். ஆக, கோடு எங்கேயோ நாமே போட்டுக்கொள்வதுதான். நான் போட்டுக்கொண்ட கோடு, படங்களைப் பார்ப்பதில்லை என்பது. ஒருமுறை ஒளித்த இடத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். கையை விட்டேன், எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், நான்கே நிமிடம். அந்த இடம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

மார்ச் 8
வியாழன்.

மார்ச் 9
குறிப்பைத் திறந்தேன். முழுதாக இல்லை. ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளித்தானே எழுதியிருக்கும், மீதியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் பார்த்தேன். எச். அப்படியானால் யூ. 'அண்டர்' ஆகவும் இருக்கலாம், 'அப்' ஆகவும் இருக்கலாம்! பாதி இரவு இதிலேயே போனது, நன்றாக இருந்தது, வேறு எதுவும் நினைக்கவில்லை.

மார்ச் 10
பெஞ்சின் அடி முழுக்கத் தடவிவிட்டேன். காந்தம் ஒட்டிய சின்ன டப்பா எதுவும் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் கடைசியாகக் கண்டுபிடித்தவர் போட்ட பதிவின் தேதியை மட்டும் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அங்கேதான் இருக்கிறது. இந்த உதவியை வாங்கிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை, இல்லாததைத் தேட இப்போது தெம்பு கிடையாது.

மார்ச் 11
அண்ணாந்து பார்க்கவே இல்லையே நான். விளக்குக் கம்பம்! நாளை சாயந்திரம்.

மார்ச் 12
காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது. சாயந்திரம் போகவில்லை.